ஊரையும் சேர்த்து இழுத்த கண்ணாடி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற புரோகிராமரைக் கூப்பிடுவதும் கலியாண வீட்டுக்குத் தூரத்து உறவைக் கூப்பிடுவதும் ஒன்றுதான். வந்து வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போய்விட வேண்டும். எனக்கு வாழ்த்த வராது, வாய்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் உங்களில் ஒரு தங்கை தான் செய்த திரையைக் காட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாச் சாளரமும் ஊடுதெரிகிறது. பின்னால் இருப்பது தெரிகிறது, அதற்கும் பின்னால் இருப்பது தெரிகிறது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன். "வடிவாயிருக்கெல்லே அக்கா" என்றாள். இந்த மறுமொழியை நான் முன்பு ஒருதரம் கிளிநொச்சியில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஒரு குடும்பம் கால்களை விலையாகக் கொடுக்கப் பார்த்தது. அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் சில வருசம் ஓய்ந்திருந்த சமாதான காலம். ஏ-நைன் வீதி திறந்ததும் கிளிநொச்சிக்கு முதலில் வந்து சேர்ந்தவை பெயர்ப்பலகைகள். சனம் வரமுன்னரே பலகை வந்துவிட்டது. ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் ஒரு கந்தோர், ஒரு ஜெனரேட்டர், ஒரு பணிப்பாளர். எங்கள் கந்தோரும் அதில் ஒன்று. கண்ணிவெடி அகற்றும் குழுக்களுக்கு வரைபடம் செய்வது எங்கள் வேலை. சிவப்பு என்றால் கால் வைக்கக்கூடாது, வெள்ளை என்றால் போகலாம். இடம்பெயர்ந்த சனம் தங்கள் காணிக்கு எந்த வழியால் போகலாம் என்று நாங்கள் அந்தப் படத்தில் கோடு கீறிக் காட்டுவோம். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு: பிழைவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வந்து முறைப்பாடு செய்யமாட்டார்.

நான் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் புரோகிராம் எழுதப் பழகி, கலியாணம் கட்டி வன்னிக்கு வந்தவள். வரைபடப் புரோகிராமை நான்தான் எழுதினேன். வடிவில்லாத சாமான். சாம்பல் நிறப் பட்டை, பெரிய எழுத்து, தடித்த கோடு. பணிப்பாளருக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். "பிள்ளை, இது அரசாங்கக் கச்சேரி விண்ணப்பம் மாதிரிக் கிடக்கு. வெளியில இருந்து வாறவைக்குக் காட்ட வெக்கமாயிருக்கு" என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட, எப்போதும் பவுடர் மணக்கும், யாரையும் கடிந்து பேசாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே நோய் விருந்தாளிகள். தூரத்தில் வெள்ளை ஜீப் தூசி கிளப்பினால் போதும், கதிரைகளைத் துடைக்கச் சொல்லிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து ரமணன் என்று ஒரு தம்பி வந்து சேர்ந்தான். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சம்பளமில்லாமல் வந்த பிள்ளை. மனம் தங்கம். தலைக்குள் எல்லாம் கண்ணாடி. வந்த கிழமையே பணிப்பாளருக்குத் தன்னுடைய மடிக்கணினியில் ஒரு வித்தை காட்டினான். வரைபடத்துக்கு மேலே ஊடுதெரியும் ஒரு சாளரம். அதில் மவுஸால் நீலக் கோடு கீறலாம், அழிக்கலாம், கீழே இருக்கும் வரைபடத்துக்கு ஒன்றும் ஆகாது. படத்துக்கு மேல் எண்ணெய்த்தாள் வைத்துக் கீறுகிற மாதிரி. யோசனையில் பிழையே இல்லை. நானும் தலையாட்டினேன்.

பிழை எங்கே வந்தது என்றால், அவனுடைய மடிக்கணினி புதியது, எங்கள் கந்தோர்க் கணினிகள் வேறெங்கோ கழித்துவிட்டதை எங்களுக்குத் தானம் தந்தவை. அவற்றில் இருந்தது இயங்குதளத்தின் பழைய பதிப்பு. ஊடுதெரியும் சாளரம் என்ற சங்கதியே அதற்குத் தெரியாது. மேலே ஒன்றை வைத்தால் கீழே இருப்பதை மறைக்கும், அவ்வளவுதான். ரமணன் இரண்டு இரவு தூங்காமல் கிடந்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். சாளரம் திறக்கிற நேரத்தில் கீழே திரையில் என்ன இருக்கிறதோ அதை ஒரு படம் பிடிப்பது. அந்தப் படத்தையே சாளரத்தின் பின்னணியாக ஒட்டிவிடுவது. பார்க்கிறவருக்குக் கண்ணாடி. உண்மையில் அது கீழே இருப்பதன் போட்டோ.

"தம்பி, கீழ வரைபடம் மாறினால்?" என்று கேட்டேன்.

"திரும்பவும் படம் எடுக்கலாம் அக்கா. கண்ணாடியை ஒரு கணம் மறைச்சு, கீழ இருக்கிறதை எடுத்திட்டு, திருப்பிக் காட்டுறது. நிமிசத்துக்கு ஒருக்காச் செய்தாப் போதும்."

நியாயமான பதில். அப்படியே எழுதினான். ஆனால் எங்கள் கிழட்டுக் கணினியில் அந்த ஒரு கணம் நன்றாகவே நீண்டது. நிமிடத்துக்கு ஒருமுறை திரை பளிச்சென்று வெட்டி, மறைந்து, திரும்பி வந்தது. பணிப்பாளர் வந்து பார்த்தார். அவர் முகம் வாடிப் போயிற்று.

"தம்பி, எல்லாம் திறம். இந்த வெட்டுறதை மட்டும் நிப்பாட்டும்."

"அது வெட்டினால்தான் சேர் புதுசு தெரியும்" என்று நான் குறுக்கே சொன்னேன். "வெட்டாட்டி நாங்கள் பாக்கிறது பழசு."

"பிள்ளை, உங்களுக்கு எப்பவும் ஒரு தடங்கல். வாறவை என்ன நினைப்பினம்? எங்கட கொம்பியூட்டருக்கு வலிப்பு எண்டு நினைப்பினம்." பிறகு ரமணனின் தோளில் தட்டி, "வடிவாயிருக்கெல்லே, அது போதும்" என்றார்.

வெட்டுவது நின்றது. அதாவது, திரும்பப் படம் பிடிக்கிற அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். புரோகிராமில் அசிங்கமாக இருந்தது அந்த ஒரு வரிதான், உண்மை சொன்னதும் அந்த ஒரு வரிதான். நம் தொழிலில் அடிக்கடி இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அழகுபடுத்தப் புறப்படுகிறவன் முதலில் கை வைப்பதும் அங்கேதான். நான் எதிர்த்து எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். என்னைப் பின்னறைக்கு மாற்றினார்கள். களத்திலிருந்து வருகிற புதுத் தகவல்களை வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. முன்னறையும் கண்ணாடியும் ரமணனுக்கு.

இப்போது லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்தவர்கள். பரந்தனுக்குப் பின்பக்கம் காடு வெட்டி வயலாக்கினார்கள். அதையும் யுத்தத்தில் விட்டுவிட்டு ஓடி, லெட்சுமியும் புருசனும் மல்லாவியில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் வருசக்கணக்காகக் கூலிக்கு இருந்தார்கள். அவர்களுடைய காணி கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாகிவிட்டது. ஆனால் காணிக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். ட்ராக்டர் போகக்கூடிய ஒரே வழி அந்த வாய்க்கால் வரம்பு, படத்தில் அதுவும் வெள்ளைதான், கந்தோரின் அனுமதி மட்டும் பாக்கி. மழைக்கு முன் உழுது விதைத்தால் காலபோக நெல் கைக்கு வரும், இல்லையென்றால் இன்னொரு வருசம் கூலிதான். விதைநெல்லைக் கடனுக்கு வாங்கி வைத்துவிட்டு அவள் கந்தோருக்கும் மல்லாவிக்குமாக பஸ்ஸில் அலைந்தாள். வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "எப்பங்க மிஸ் போகலாம்?"

பணிப்பாளர் அதற்கு ஒரு நாள் குறித்தார். வெளிநாட்டிலிருந்து உதவி தருகிறவர்கள் வரும் நாள். அன்று அவர்கள் முன்னால் கண்ணாடியில் பாதை கீறிக் காட்டுவது, வாசலில் ட்ராக்டரை ஆயத்தமாக வைத்திருப்பது, அங்கிருந்தே லெட்சுமி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரம்பு வழியாகக் காணிக்குப் போய் போட்டோ எடுப்பது. கலியாணத்துக்கு நாள் வைக்கிற மாதிரி மனுசன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்.

அன்று காலை கந்தோர் திறந்தவுடனேயே முன்னறைக் கணினியைப் போட்டு, வரைபடத்தைத் திறந்து, மேலே கண்ணாடியையும் திறந்து வைத்துவிட்டார்கள். கண்ணாடி திறக்கும்போது மட்டும் அந்த வெட்டு ஒருதரம் வரும், அதை விருந்தாளிகள் பார்க்கக்கூடாது அல்லவா? "இனி ஒருத்தரும் இதைத் தொடப்படாது" என்று பணிப்பாளர் உத்தரவு போட்டார். எங்களிடம் இது ஒரு பழக்கம். ஆட்கள் வருகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் விடிய முதலே பரப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று காவல் காப்பது. ஆனால் ஓமந்தை இராணுவச் சாவடியில் சோதனை முடிந்து வருகிற எந்த வாகனம் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? வெயில் ஏறியது. பலகாரத்தில் ஈ மொய்த்தது. கண்ணாடி காலையில் பிடித்த படத்தோடு அப்படியே நின்றது.

அந்த இடைவெளியில் களத்துக் குழுவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் டிஸ்கெட்டோடு பின்னறைக்கு வந்தார். "அக்கா, பரந்தன் வாய்க்கால் வரம்பை உடன சிவப்பாக்குங்கோ. காலமை ஒரு மாடு அதில கண்ணிவெடியை மிதிச்சுப்போட்டுது. இன்னும் கிடக்கும் எண்டுதான் நினைக்கிறம்."

நான் கையோடு ஏற்றினேன். என் திரையில் வரம்பு நெடுக சிவப்பு விழுந்தது. முன்னறைக் கணினியிலும் வரைபடம் தானாக மாறிவிடும். மாறியும் இருக்கும். ஆனால் அதற்கு மேலே நிற்பது? எழுந்து ஓடினேன்.

நான் முன்னறை வாசலுக்கு வரும்போது விருந்தாளிகள் கதிரைகளில் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். சுவரோரம் லெட்சுமியும் புருசனும், கால்மாட்டில் விதைநெல் மூட்டை. திரையில் வரம்பு பால் மாதிரி வெள்ளை. பணிப்பாளர் மவுஸைப் பிடித்து அந்த வெள்ளையின்மேல் நீலக் கோடு கீறிக்கொண்டிருக்கிறார்.

"இந்தா பாருங்கோ அம்மா, இதால நேர போகலாம். ஒரு பயமும் இல்லை."

"இந்த வாய்க்கா வரம்பு மேலயேவா ஐயா?"

"ஓம், ஓம். வரம்பு மேலயே."

நான் கிட்டப் போய்க் குனிந்தேன். "சேர், ஒரு நிமிசம், வரம்பில..."

"பிறகு கதைப்பம் பிள்ளை" என்றார், விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே.

"பிறகு எண்டா சரிவராது சேர்."

"பிள்ளை, தேத்தண்ணி வந்திட்டுதோ எண்டு பாருங்கோ."

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்களில் பலர் கத்துவீர்கள். கத்தினால் நான் பொறாமை பிடித்தவள், பின்னறைக்குத் தள்ளப்பட்ட ஆத்திரத்தில் சபையைக் குழப்புகிறவள். பணிப்பாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு விருந்தாளிகளோடு ட்ராக்டரடிக்குப் போய்விடுவார். ஜெனரேட்டரை நிற்பாட்டலாம் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நிற்பாட்டினால் திரை கறுத்துப்போகும், ஆனால் அவர் சொன்ன சொல் லெட்சுமியின் தலையில் அப்படியே இருக்கும். "வரம்பு மேலயே." அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். பொய் சொல்கிற திரையை அணைத்துவிட்டால் அது சொன்ன பொய் அழியாது. எல்லாரும் பார்க்க அதை ஓரமாக இழுத்து, கீழே என்ன கிடக்கிறது என்று காட்ட வேண்டும்.

நான் பணிப்பாளரின் கைக்கு மேலேயே என் கையை வைத்து மவுஸைப் பிடித்தேன். மனுசன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். கண்ணாடியின் மேல்பட்டையைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தேன்.

கண்ணாடியை இழுத்தால் கண்ணாடி மட்டும்தானே வர வேண்டும்? இதில் ஊரும் சேர்ந்து வந்தது. வாய்க்கால் வந்தது, பரந்தன் சந்தி வந்தது, வீதி வந்தது, நீலக் கோடும் வந்தது. பரந்தன் முழுவதும் திரையின் வலதுபக்கம் இடம்பெயர்ந்து போனது. அது விட்டுப்போன இடத்தில் இன்னொரு பரந்தன் இருந்தது. அதில் வரம்பு நெடுகச் சிவப்பு.

வெள்ளைக்கார அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர், "இதில எது சரி எண்டு கேக்கிறா" என்றார்.

பணிப்பாளர் ரமணனைப் பார்த்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ரெண்டும் சரி" என்றான். "ஒண்டு காலமையான் சரி."

"சின்னத் தொழில்நுட்பத் திருத்தம் ஒண்டுதான்" என்று பணிப்பாளர் எழுந்தார். "நாங்கள் பயணத்தைத் தொடங்குவம்."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. "தொடங்குங்கோ சேர்" என்றேன். "ட்ராக்டர் வாசலில நிக்குது. ட்ரைவருக்குப் பக்கத்தில நீங்கள் ஏறி இருங்கோ. அவையள் பின்னால வரட்டும். காலமை அந்த வரம்பில மாடு ஒண்டு செத்துக் கிடக்காம், அதைக் கொஞ்சம் விலத்திப் போங்கோ."

பணிப்பாளர் எழுந்த வேகத்திலேயே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மெதுவாக, "தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்" என்றார்.

லெட்சுமி எனக்கு நன்றி சொன்னாள் என்று எதிர்பார்த்தீர்களா? அவள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "நேத்து வெள்ளைன்னீங்க, இன்னைக்குச் செவப்புங்கிறீங்க. கடன வாங்கி நெல்லக் கொண்டாந்து போட்டுருக்கோம் மிஸ். மழ நிக்குமா நமக்காக? எங்கள வச்சு வெளையாடுறீங்களா எல்லாரும்?" அவள் புருசன் மூட்டையைத் தோளில் ஏற்றினான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா மட்டும் தேத்தண்ணியைத் தொடவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு லெட்சுமிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவளுடைய காணியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அந்த வரம்பைத் துப்புரவாக்க வேண்டும் என்று களத்துக் குழுவிடம் தானே போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஓமந்தைப் பக்கம் திரும்பினார்.

அடுத்த நாள் கந்தோரில் கூட்டம். நடந்த பிழையை ஆராய்ந்து திருத்துவதற்கு. பணிப்பாளர் நீண்ட நேரம் பேசினார். முடிவாக ஒரு திருத்தம் எடுக்கப்பட்டது: இனிமேல் அந்தச் சாளரத்தை யாரும் இழுக்க முடியாதபடி செய்ய வேண்டும்.

நான் இதை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அப்படித்தான் தீர்மானித்தார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் கந்தோரிலும் செய்வார்கள். பிழையைக் காட்டிய வழியை அடைத்துவிட்டுப் பிழையைத் திருத்தியாயிற்று என்று எழுதுவதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. ரமணன் தலையைக் குனிந்துகொண்டு அதையும் செய்து கொடுத்தான். அன்று பின்னேரமே என் மேசைக்கு வந்து, "அக்கா, அந்த லெட்சுமி அம்மா என்னைத் திரும்பியும் பாக்கேல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். இரண்டு பேருமாக இருந்து கண்ணாடியைக் கழற்றி எறிந்தோம். பாதையை வரைபடத்தின் உள்ளேயே, மற்றக் கோடுகளோடு கோடாகக் கீறுகிற மாதிரி மாற்றினோம். வரைபடம் மாறினால் கோட்டுக்கும் தெரியும். கோடு சிவப்பில் முட்டினால் மேலே போகாமல் நின்றுவிடும். தடித்த, வடிவில்லாத கோடு. பணிப்பாளர் பார்த்துவிட்டு, "கண்ணாடி எங்க?" என்றார்.

"உடைஞ்சு போச்சு சேர்" என்றான் ரமணன். அந்தப் பிள்ளை சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கணினிகளில் இப்போது நிஜக் கண்ணாடி இருக்கிறது, எனக்குத் தெரியும். தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதன் வழியாகப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கப்போகிறார் என்றால், அவர் பார்ப்பது இப்போதுள்ளதா, எப்போதோ இருந்ததா என்று ஒருதரம் இழுத்துப் பாருங்கள். மேலதிகாரிக்கு முன்னால் இழுக்க வேண்டி வந்தால் முன்னாலேயே இழுங்கள். பின்னறைக்கு அனுப்புவார்கள். பின்னறையில் காற்று நன்றாக வரும்.

வரம்பு துப்புரவாக்கி முடிவதற்கு முன்னரே மழை பெய்துவிட்டது. ஆனால் போகம் முழுதாகத் தவறவில்லை, பிந்திய விதைப்புக்கு நேரம் இருந்தது. வரம்பிலிருந்து என்ன எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ட்ராக்டர் சில்லுக்கு ஒன்றே போதும், அதற்கு மேலேயே இருந்தது. பிறகு யுத்தம் திரும்பி வந்த வருசங்களில் அந்தக் கந்தோர் போனது, கணினிகள் போயின, நாங்கள் எல்லாரும் எங்கெங்கோ ஓடினோம். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கு வாய் வராது. லெட்சுமி காணிக்குப் போன நாளை மட்டும் சொல்கிறேன்.

பணிப்பாளர் போட்டோக்காரரோடு வந்திருந்தார். குடும்பம் முன்னால் நடக்க வேண்டும், தான் பின்னால் நின்று கைகாட்ட வேண்டும் என்று ஒழுங்கு. களத்துக் குழுத் தலைவர் வரம்பில் கால் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். லெட்சுமி வரம்படியில் வந்து நின்றாள். புருசனையும் கையைப் பிடித்து நிறுத்தினாள். பணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க முன்னால நடங்க ஐயா. நாங்க பின்னாலயே வாறோம்."

"சீச்சீ, இது உங்கட காணி அம்மா. நீங்கள்தான் முதல்..."

"பரவால்லீங்க. நீங்க நடங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மனுசன் சப்பாத்தைக் கழற்றப் போனார், பிறகு கழற்றவில்லை, களிசானை முழங்கால்வரை மடித்தார், வரம்பில் ஏறினார். அந்தப் போட்டோ பிறகு வெளிநாட்டில் ஒரு வருடாந்த அறிக்கையின் அட்டையில் வந்தது. உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். மேகம் கறுத்துக் கிடக்க, ஒரு பெரிய மனிதர் சனத்தை அவர்களுடைய மண்ணுக்கு முன்னின்று அழைத்துப் போகிறார். முகத்தில் அப்படி ஒரு தீவிரம். ஒவ்வொரு அடியையும் பூமியில் பார்த்துப் பார்த்து வைக்கிறார். போட்டோவில் சத்தம் கேட்காது என்பதால், பின்னால் நெல் மூட்டையோடு வந்த லெட்சுமி சொன்னது நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

"கொஞ்சம் வெரசா நடங்க ஐயா. மழ வந்துரும்."